ஐந்து வெள்ளைச் சட்டைகள்

மூன்று வருஷங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில், ஒரே தானிலிருந்து ஐந்து சட்டைகளுக்கான வெள்ளைத் துணியை வெட்டச் சொன்னேன். யூனிஃபார்மா என்று கடைக்காரர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு விதத்தில் உண்மைதான். இனி பாங்குக்கு வெள்ளைச் சட்டை தவிர வேறெதுவும் போடுவதில்லை என்று தீர்மானித்திருந்தேன். பீரோவைத் திறந்ததும் கையில் எது வருகிறதோ அது. எல்லாம் ஒன்றுதான் என்பதால் எது வந்தது என்று பார்க்க வேண்டியதுகூட இல்லை.

தீர்மானம் சட்டையோடு நிற்கவில்லை. காலையில் இட்லி, ஞாயிறு உட்பட. மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸில் ஒரு சாதம், ஒரு காய்; என்ன காய் என்று மூடியைத் திறக்கும்வரை கேட்பதில்லை. பதினொன்றுக்கும் நாலுக்கும் எதிர்க்கடையில் சர்க்கரை குறைத்து ஒரு டீ. ஒரே நேரத்து பஸ். கறுப்பு மைப் பேனா, ஒரே கம்பெனி. வெளியே போய்ச் சாப்பிட நேர்ந்தால் முன்னால் இருப்பவர் என்ன சொல்கிறாரோ அதையே எனக்கும். வீட்டில் எந்தக் கேள்வி வந்தாலும், திரைச்சீலையின் நிறமாகட்டும் தீபாவளிப் பலகாரமாகட்டும், என் பதில் ஒன்றுதான்: எதுனாலும் சரி.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் இலக்கியம். இப்படி எழுதும்போது இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அப்போது வரவில்லை. புதுக்கவிதையில் ‘நான்’ என்ற சொல் யாரைக் குறிக்கிறது என்பது பற்றி இந்தப் பத்திரிகைக்கு ஒரு நீண்ட கட்டுரை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். பாங்கில் நாள் முழுக்கப் பிறர் பணத்தை எண்ணிவிட்டு வீடு திரும்புகிறவனிடம் மிச்சமிருக்கிற கவனம் ஒரு கைப்பிடி. அதையும் எந்தச் சட்டை, எந்தக் குழம்பு, எந்த வழி என்று சில்லறையாகச் செலவழித்துவிட்டால் இரவு ஒன்பது மணிக்குப் புத்தகத்தின் முன் உட்காரும்போது கை காலி. ஆகவே சில்லறைச் செலவை நிறுத்துவது. கணக்கு சரியாகத்தான் இருந்தது. குமாஸ்தாவின் கணக்கு வேறு எப்படி இருக்கும்?

குமாஸ்தா என்ற சொல் எனக்குப் பிடிக்கும். 2024 ஊதிய ஒப்பந்தத்தில் எங்களுக்கு கஸ்டமர் சர்வீஸ் அசோஸியேட் என்று பெயர் மாற்றினார்கள். வேலை மாறவில்லை. அந்த வேலையில் தேர்வு என்பது அநேகமாகக் கிடையாது. நான் பதிவு செய்வேன்; தொகை ஒரு வரம்புக்கு மேல் போனால் அதிகாரி அனுமதிப்பார். கையெழுத்து திரையில் இருப்பதோடு ஒத்துப்போக வேண்டும். மாலையில் பெட்டியில் இருக்கும் பணம் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். கிழிந்த நோட்டுக்குக்கூட ரிசர்வ் பாங்க் விகிதம் வைத்திருக்கிறது. ஐம்பது ரூபாயும் அதற்கு மேற்பட்டதுமான நோட்டானால், மிஞ்சியிருக்கும் ஒரே பெரிய துண்டு முழு நோட்டின் பரப்பில் 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுப் பணம். 40 முதல் 80 வரை பாதி. 40க்குக் கீழே ஒன்றும் இல்லை. எதிரில் நிற்கும் கிழவி எலி கடித்தது என்று சொன்னாலும் மருமகன் கிழித்தான் என்று சொன்னாலும் பரப்பு மாறுவதில்லை. கவிதைக்கும் இப்படி ஒரு விகிதம் இருந்தால் எவ்வளவு சௌகரியம் என்று நான் நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அது முழுக்க வேடிக்கை இல்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

நான் வேண்டாமென்று விட்டவற்றில் பெரியது பதவி உயர்வு. பாங்கில் வேலை பார்த்துக்கொண்டு எழுதுகிறவர்களுக்கு இது பழகிய சங்கடம். அதிகாரியானால் ஊர் மாற்றம்; மாற்றமில்லாவிட்டாலும் இரவு எட்டு மணிக்கு முன்னால் வீடு இல்லை. எங்கள் ஜாதிக்குக் குலதெய்வம் எலியட். 1917 முதல் 1925 வரை லண்டனில் லாயிட்ஸ் பாங்கில் இருந்தவர், அயல்நாட்டுக் கணக்குப் பிரிவில். 1922இல் எஸ்ரா பவுண்ட் நண்பர்களிடம் பணம் திரட்டி அவரை பாங்கிலிருந்து விடுவிக்கப் பார்த்தார். எலியட் அதற்கு இணங்கி வேலையை விடவில்லை. இதை நான் பல கூட்டங்களில் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பெரிய கவிதையின் கணிசமான பகுதியை அவர் எழுதியது 1921இல் உடல்நலம் கெட்டு மூன்று மாதம் லீவில் போயிருந்தபோது, மார்கேட்டிலும் லோஸானிலும் உட்கார்ந்து, என்பதைச் சொன்னதில்லை. லீவு எடுத்தது கதையின் அழகைக் கெடுக்கிறது. எப்படியோ, பதவி உயர்வுக்கு விண்ணப்பம் கேட்டுச் சுற்றறிக்கை வந்த ஒவ்வொரு தடவையும் அதைப் படிக்காமலே கீழே வைத்தேன். அதை வீட்டில் சொன்னதுமில்லை.

ஆதாரங்களுக்குக் குறைவில்லை. பி.ஏ. இங்கிலீஷ் படித்தவனுக்கு எந்தச் சோம்பேறித்தனத்துக்கும் ஒரு மேற்கோள் கிடைத்துவிடும். வில்லியம் ஜேம்ஸ் 1890இல் எழுதிய உளவியல் நூலில், தினசரிக் காரியங்களைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிட்டால் மனம் மேலான வேலைகளுக்கு விடுதலையாகிறது என்கிறார். எழுவதற்கும் படுப்பதற்கும் ஒவ்வொரு கோப்பை பானத்துக்கும் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருப்பவன் மேல் இரக்கப்படுகிறார். 2012இல் அமெரிக்க ஜனாதிபதி ஒபாமா, தான் சாம்பல் அல்லது நீல நிற சூட் மட்டுமே போடுவதாகவும், முடிவெடுக்க வேறு விஷயங்கள் நிறைய இருப்பதாகவும் ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். நான் முடிவெடுக்க வேண்டியவை எவை என்று என்னை யாரும் கேட்கவில்லை.

சோதனைச்சாலையும் என் பக்கம் இருந்தது. 1998இல் ராய் பாமைஸ்டரும் அவருடைய சகாக்களும் சிலரைப் பசியோடு உட்கார வைத்தார்கள். முன்னால் சுடச்சுடப் பிஸ்கட். அவர்கள் தின்ன வேண்டியதோ முள்ளங்கி. பிறகு தீராத புதிர் ஒன்றைக் கொடுத்தபோது முள்ளங்கி தின்றவர்கள் சீக்கிரம் கைவிட்டார்கள். மனத்திட்பம் பெட்டிப் பணம்போலச் செலவாகிறது என்று அதிலிருந்து ஒரு கொள்கை. 2000இல் கலிஃபோர்னியாவில் ஒரு கடையில் 24 வகை ஜாம் வைத்த மேஜையின் முன் நின்றவர்களில் 100க்கு 3 பேரும், 6 வகை வைத்த மேஜையின் முன் நின்றவர்களில் 30 பேரும் வாங்கினார்கள் என்று இன்னொரு ஆய்வு. இவற்றை நான் நம்பியே ஆக வேண்டிய நிலையில் இருந்ததால் நம்பினேன். 2010இல், இதே மாதிரி 50 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சராசரி விளைவு ஏறக்குறைய பூஜ்யம் என்று கண்டிருந்தார்கள். 2016இல், 23 ஆய்வுக்கூடங்களில் 2,000க்கு மேற்பட்டவர்களை வைத்து மனத்திட்பச் செலவைச் சோதித்தபோதும் சொல்லும்படியாக ஒன்றும் அகப்படவில்லை. இரண்டுமே நான் சட்டைத் துணி வெட்டுவதற்கு வெகுநாள் முன்னாலேயே அச்சாகிவிட்டவை. எனக்கு வேண்டியதைப் படித்ததும் நிறுத்திவிட்டிருந்தேன்.

முதல் சில மாதங்கள் நன்றாகத்தான் இருந்தன. அதை மறுப்பது பொய். காலையில் மனத்தில் ஒரு வெற்றிடம் இருந்தது, பெருக்கி வைத்த திண்ணைபோல. பஸ்ஸில் போகும்போது கட்டுரையின் முதல் வாக்கியம் நாலைந்து விதமாக வந்தது. பிறகு அந்தத் திண்ணையில் யார் வேண்டுமானாலும் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். கையில் செல்போன் இருந்தது. மிச்சம் பிடித்த கவனத்தை முழுக்க அது வாங்கிக்கொண்டது. எந்த நடிகர் எந்தக் கட்சியில் சேர்ந்தார், எந்தக் கவிஞர் எந்தக் கவிஞரைத் திட்டினார் என்று இரவு பன்னிரண்டு மணிவரை. மூன்று வருஷத்தில் அந்தக் கட்டுரை ஒன்பது பக்கம் வந்திருக்கிறது. அதில் நாலு பக்கம் முதல் வாக்கியம்.

இந்த நிலையில் போன ஆடி மாதம் ராஜபாளையத்தில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன். என் மனைவி தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். லீவு சொல்லிவிட்டு ஒரு பையில் நாலு புடவையை வைத்துக்கொண்டு மாட்டுத்தாவணிக்குக் கிளம்பினாள். எட்டு வயதுப் பெண்ணும் நானும் வீட்டில். பள்ளி விட்டதும் அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம் இருப்பாள் என்று ஏற்பாடு. பதினெட்டு நாள்.

இரண்டாம் நாள் சாயங்காலம் காய்கறிக் கடையில் போய் நின்றேன். அது நான் தினமும் கடந்து போகிற கடை. அந்த அம்மாளுக்கு என்னைத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் அவர் முகம் புதிதாக இருந்தது. “என்ன சார், டீச்சர் வரலையா?” என்றார். சொன்னேன். “என்ன வேணும்?” என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று தெரியவில்லை. முருங்கை நன்றாக இருப்பதாகச் சொன்னார். சாம்பாருக்கா பொரியலுக்கா என்று கேட்டார். கால் கிலோவா அரைக் கிலோவா, ரெண்டு நாளைக்கா ஒரு நாளைக்கா, பாப்பா அவரைக்காய் சாப்பிடாதில்ல என்று வரிசையாகக் கேட்டார். என் மகள் அவரைக்காய் சாப்பிட மாட்டாள் என்பது அந்தக் கடையில் தெரிந்திருக்கிறது. வரிசையில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். கவுன்ட்டரில் பணம் எடுக்கும் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எதை எங்கே நிரப்புவது என்று தெரியாமல் நிற்கிறவர்களைப் பார்த்து நான் விடுகிற பெருமூச்சை அன்று என் முதுகுக்குப் பின்னால் கேட்டேன்.

வெளியே வந்து மனைவிக்குப் போன் செய்தேன்.

“ராத்திரிக்கு என்ன செய்யட்டும்?”

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரோ யாரையோ கூப்பிடுகிற சத்தம்.

“இதத்தாங்க நான் மூணு வருஷமா தெனமும் உங்ககிட்ட கேட்டேன்,” என்றாள். “எதுனாலும் சரின்னீங்க.”

கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகக்கூட இல்லை. ஒரு தகவலைத் திருத்துவதுபோலச் சொன்னாள். பிறகு மாவு எந்தப் பாத்திரத்தில் இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

‘எதுனாலும் சரி’ என்பதை நான் பெருந்தன்மை என்று நினைத்திருந்தேன். சாப்பாட்டில் நொட்டை சொல்கிற, உப்பு குறைந்தால் தட்டைத் தள்ளுகிற தகப்பனாரைப் பார்த்து வளர்ந்தவன் நான்; அவரைப்போல இல்லை என்பதில் எனக்கு ஒரு கர்வம். தகப்பனார் குறைந்தபட்சம் தனக்கு வேண்டியது வத்தக்குழம்பு என்று சொன்னார். அம்மா வத்தக்குழம்பு வைத்தாள். நான் என் பங்குக் கேள்வியை அடுப்படிக்கு அனுப்பிவிட்டுப் பதிலை மட்டும் தட்டில் வாங்கிக்கொண்டிருந்தேன். தினம் இட்லி என்றால் எனக்கு ஒரு முடிவு மிச்சம். அவளுக்கோ ஒன்றுவிட்டு ஒரு நாள் உளுந்து ஊறப்போடும் நேரம், மழைக்காலத்தில் மாவு புளிக்கக் காத்திருக்கும் நேரம், நேற்று தேங்காய்ச் சட்னி என்றால் இன்றைக்கு என்ன என்ற யோசனை, இட்லியைப் பார்த்தாலே முகம் சுளிக்க ஆரம்பித்துவிட்ட குழந்தைக்குத் தனியாக ஒரு தோசை. காலண்டரில் அவள் கையெழுத்தில் சிறு குறிகள் இருந்தன. காஸ் பதிந்த தேதி, பால் கணக்கு, ஸ்கூல் பஸ் பணம், என் சர்க்கரைப் பரிசோதனை. அந்தக் காலண்டர் என் புத்தக அலமாரிக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது.

ஆறாம் நாளோ ஏழாம் நாளோ துணியை இஸ்திரி வண்டிக்கு எடுத்துப் போனேன். வண்டிக்காரர் சட்டைகளைப் பிரித்துப் போட்டுவிட்டு இரண்டைத் தனியாக வைத்தார். ஏன் என்று கேட்டேன்.

“இது ரெண்டும் புதுசு சார். பழசு மூணுக்கும் சூடு வேற வைக்கணும்.”

“அஞ்சும் ஒண்ணாத்தானே தச்சது?”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ரெண்டு காலர் பிஞ்சு போச்சுல்ல சார். டீச்சரம்மா அதே துணி வாங்கி அதே டைலர்ட்ட குடுத்துத் தச்சாங்களே. பொங்கலுக்கு முன்னாடி.”

விளக்குத்தூணில் அதே கடைக்குப் போய், அதே வெள்ளை இருக்கிறதா என்று தேடி, வெள்ளையில் எத்தனை வெள்ளை இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருக்கும், பழைய சட்டையோடு ஒத்துப்பார்த்து வாங்கி, அளவு வைத்திருக்கிற டைலரைத் தேடிக் கொடுத்து, நான் கவனிக்காதபடி பீரோவில் அடுக்கியிருக்கிறாள். நான் கவனிக்கவில்லை என்பதுதான் ஏற்பாட்டின் வெற்றி. பீரோவைத் திறந்ததும் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டே இருந்தேன்.

அன்று இரவு அலமாரியிலிருந்து என்னுடைய ஆதார புருஷர்களை ஒவ்வொருவராக எடுத்துப் பார்த்தேன். தோரோ 1845 முதல் 1847 வரை வால்டன் குளக்கரையில் தானே கட்டிய குடிசையில் வாழ்ந்தவர். குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் 12½ சென்ட் என்று அரைச் சென்ட்வரை கணக்கு எழுதியவர். 1854இல் வெளிவந்த அந்தப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்திலேயே, செலவுப் பட்டியலுக்கு நடுவில், துணி வெளுப்பதும் தைப்பதும் பெரும்பாலும் வெளியில் நடந்தது, அதற்கான பில் இன்னும் வரவில்லை என்று ஒரு வரி போகிற போக்கில் இருக்கிறது. கல்லூரியில் அதைப் படித்தபோது ஆசிரியர் உள்பட நாங்கள் யாரும் அந்த வரியில் நிற்கவில்லை. கான்ட் இன்னும் மோசம். கோனிக்ஸ்பர்க்கில் காலை ஐந்து மணிக்கு எழுந்து, குறித்த நேரத்தில் வாக்கிங் போன அந்த ஒழுங்கு தத்துவ உலகத்தின் புராணக் கதைகளில் ஒன்று. அவரை எழுப்பியவன் லாம்ப்பே என்ற வேலைக்காரன், ஏறக்குறைய 40 வருஷம். கான்ட் ஐந்து மணிக்கு எழுந்தார் என்றால் அவன் அதற்கு முன்னால் எழுந்திருக்கிறான். 1802இல் அவனை வேலையிலிருந்து நீக்கிய பிறகு, லாம்ப்பே என்ற பெயரை அடியோடு மறக்க வேண்டும் என்று கான்ட் தனக்கே ஒரு குறிப்பு எழுதி வைத்துக்கொண்டார். ஞாபக மறதி வந்துவிட்ட வயதில், மறக்க வேண்டியதை ஞாபகப்படுத்திக்கொள்ள ஒரு சீட்டு. அதைவிடத் துயரமான குறிப்பு அவருடைய தத்துவத்தில் எங்காவது இருக்குமா என்று எனக்குச் சந்தேகம்.

தேர்வு குறைவதே இல்லை. கை மாறுகிறது என்று நான் சொல்லப் போக, மதுரைக்காரனுக்கு உடனே ஒரு எதிர் சாட்சி நினைவுக்கு வருகிறது. மேலமாசி வீதியில் ஒரு கதர்க்கடைக்கு மேல்மாடி. 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காலை காந்தி அங்கேதான் சட்டையையும் தொப்பியையும் விட்டு முழத்துண்டுக்கு மாறினார். உலகத்திலேயே மிகவும் பிரசித்தமான உடைச் சுருக்கம் என் பஸ் பாதைக்குப் பக்கத்தில் நடந்திருக்கிறது. ஆனால் அவர் காலை நேரத்தை மிச்சம் பிடிப்பதற்காக அப்படிச் செய்யவில்லை. ரயிலில் பார்த்த ஜனங்கள், கதர் வாங்க எங்களுக்குச் சக்தியில்லை என்று சொன்னார்கள்; முந்தியே சில தடவை யோசித்துத் தள்ளிப்போட்டிருந்ததை அதற்கு மேல் தள்ளிப்போட அவரால் முடியவில்லை. அந்த உடை வெகுநாள் தயங்கி எடுத்த ஒரு முடிவு. என் வெள்ளைச் சட்டை முடிவெடுக்காமல் இருப்பதற்கான உபாயம். 1915இல் ஹரித்வார் கும்பமேளாவின்போது, ஒரு நாளில் ஐந்து பொருளுக்கு மேல் உண்பதில்லை என்று அவர் எடுத்த விரதத்தின் காரணம் இன்னும் கூச்சம் தருவது. தன்னை உபசரிக்கிறவர்கள் தனக்காகப் படுகிற சிரமத்தைக் குறைப்பதற்கு என்று சுயசரிதையில் எழுதுகிறார். அந்த ஐந்தையும் யாராவது தேடிக் கொண்டுவரத்தான் வேண்டியிருந்திருக்கும். கஸ்தூர்பாவைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லியிருக்கலாம். இருந்தாலும், எதிராளியின் பாரம் என்று ஒன்று இருப்பது அவர் கணக்கில் வருகிறது. என் கணக்கில் அந்தப் பத்தியே இல்லை.

கிழிந்த நோட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஏழு மாதமாக என் மேஜையில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடந்தது. மலையடிவார ஊர் ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் அனுப்பியது. அறுபத்து நாலு கவிதைகள். முதல் தொகுப்புக்கு இருபது தேர்ந்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார். வந்த வாரத்திலேயே பென்ஸிலால் குறி போட்டு முடித்துவிட்டேன். அனுப்பத்தான் இல்லை. என்னவோ ஒன்று தடுத்தது. அது சோம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

பெண் தூங்கிய பிறகு அந்த இரவுகளில் ஒன்றில் என் குறிகளைப் படித்தேன். ‘அடைமொழி’, ‘உணர்ச்சி வழிகிறது’, ‘முடிவு நீளம்’, ‘செறிவில்லை’. அறுபத்து நாலு கவிதைகளுக்கும் சேர்த்து இவ்வளவுதான். சந்தேகம் வந்து, கடந்த மூன்று வருஷத்தில் நான் எழுதிய மதிப்புரைகளை எடுத்தேன். எண்ணுவது என் தொழில். பதினொரு மதிப்புரைகள், அவற்றில் ஒன்பதில் ‘செறிவு’ வருகிறது, எட்டில் ‘மௌனம்’. பாராட்டு என்றால் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையே மௌனம் இருக்கிறது; கண்டனம் என்றால் இல்லை. ஐந்து வெள்ளைச் சட்டைகள். புத்தகத்தைத் திறந்ததும் கைக்கு வந்ததைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். இதைப் படிக்கும் நண்பர்களில் சிலருடைய பீரோவும் எனக்குத் தெரியும் என்பதால் தைரியமாக எழுதுகிறேன். ‘உன்னதம்’, ‘தரிசனம்’, ‘அந்நியமாதல்’ என்று ஆளுக்கு ஐந்து வைத்திருக்கிறோம். பழசு கிழிந்தால் அதே வெள்ளையில் யாரோ மாற்றி வைத்துவிடுகிறார்கள்.

நோட்டுப் புத்தகத்தில் ஒரு கவிதை பாட்டியின் காதைப் பற்றியது. பாம்படம் தொங்கிய துளை, இப்போது வெறுமையாக ஆடுகிறது. அதுவரை நல்ல கவிதை என்று குறித்திருந்தேன். பிறகு ஒரு ஆறு வரி, அடகுச் சீட்டைப் பாட்டி எங்கே வைத்திருக்கிறாள், எந்த மருந்துச் சீட்டுகளோடு சேர்த்து மடித்திருக்கிறாள், பேரன்கள் வரும்போது எந்தச் சீட்டை அடியில் தள்ளுகிறாள் என்று போகிறது. அதைச் சுற்றி வட்டம் போட்டு ‘முடிவு நீளம், வெட்டவும்’ என்று எழுதியிருந்தேன். நகைக்கடன் கவுன்ட்டரில் அந்தச் சீட்டை எழுதுகிறவன் நான். அப்ரைஸர் உரசிப் பார்த்துத் தூக்கம் சொல்ல, பாம்படமும் தண்டட்டியும் கவரில் போட்டு ஒட்டப்படுவதை மாதத்துக்கு நாலைந்து தடவை பார்க்கிறேன். சீட்டை வாங்கிக்கொள்கிற கை அதை நாலாக மடித்து இடுப்பில் செருகுவதும் தெரியும். கவிதை என் மேஜைவரை வந்து என் எதிரில் நின்றிருக்கிறது. நான் பரப்பை அளந்து 40 முதல் 80 சதவீதம் என்று பாதிப் பணம் கொடுத்திருக்கிறேன்.

வரிகள் நீளம் என்பதும் பொய்யில்லை. இரண்டு வரியைக் குறைக்கலாம். எந்த இரண்டு என்று பார்ப்பதற்கு ஒரு இரவு பிடித்தது. மொத்த நோட்டுப் புத்தகத்துக்கு ஒன்பது இரவுகள். அந்த ஒன்பது பகலும் நான்தான் காய் வாங்கினேன், பெண்ணுக்குத் தலை பின்னினேன், எந்த ரிப்பன் என்பதில் அவளோடு சண்டை போட்டேன், கொள்கைப்படி களைத்துப்போய் ஒன்றும் ஓடக்கூடாத மனத்தோடுதான் இரவில் உட்கார்ந்தேன். மனம் ஓடியது. இதை நான் இன்னொரு கொள்கையாக மாற்றப் போவதில்லை. அடுத்த மாதம் வேறு மாதிரி இருக்கலாம். இருபத்தொரு கவிதைகள் தேர்ந்தேன். அவற்றில் நாலைந்து தவறாக இருக்கும், எவை என்று தெரியவில்லை என்று கடிதத்தில் எழுதி அனுப்பினேன். இளைஞர் பதில் எழுதியிருக்கிறார். மூன்று தவறு என்கிறார்.

மனைவி வந்தபோது மாமியாரும் கூடவே வந்தார், வாக்கரோடு. வந்த அன்று அவள் அடுப்படிக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்துவிட்டு, துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் இடம் மாறியிருப்பதைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வந்து உட்கார்ந்தாள். சட்டை விஷயத்தைச் சொன்னேன். “நீங்க பாக்கலைன்னு எனக்குத் தெரியும்,” என்றாள். சற்றுப் பொறுத்து, “எனக்கும் கொஞ்ச நாளைக்கு எதுனாலும் சரின்னு சொல்லணும்போல இருக்கு,” என்றாள்.

அப்படியே செய்துகொண்டிருக்கிறோம். மாமியாருக்குக் கத்தரிக்காய் ஆகாது; பெண்ணுக்கு அவரைக்காய்; டீச்சருக்குப் புடலங்காய் பிடிக்காது என்பது கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் போன வாரம்தான் தெரிந்தது, அதுவும் காய்கறிக் கடை அம்மாள் சொல்லி. நான் வைக்கிற சாம்பார் இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. ‘நான்’ பற்றிய கட்டுரை ஒன்பது பக்கத்திலேயே நிற்கிறது. ஆசிரியர் அதற்குப் பதிலாக இதைப் போட்டுக்கொள்ளட்டும்.

இந்த வருஷத்துப் பதவி உயர்வுச் சுற்றறிக்கை வந்துவிட்டது. கடைசித் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. இந்தத் தடவை அதைப் படித்து வீட்டுக்கும் எடுத்து வந்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் படித்தாள். மூன்று வருஷமாக இது வந்ததா என்று கேட்டாள். வந்தது என்றேன். ஊர் மாற்றினால் அவள் பள்ளி, பெண்ணின் பள்ளி, இப்போது அவள் அம்மா. மாற்றாவிட்டால் வீட்டுக் கடன் சீக்கிரம் தீரும்.

“நீங்க என்ன நெனைக்கிறீங்க?” என்றாள்.

வழக்கமான பதில் நாக்குவரை வந்துவிட்டது. முழுங்கிக்கொண்டு, தெரியவில்லை என்றேன். காகிதத்தை மடித்துக் காலண்டர் ஆணியில் செருகினாள். இன்றைக்கு ராத்திரியும் அதைப் பற்றிப் பேச வேண்டும்.